விலை ஏறினால் விறகுக் கடைக்குக் கொண்டாட்டமா?

"இனிமே கடனுக்கு ஒரு குச்சி கூடக் கெடையாது. யாரு வந்து கேட்டாலும் சரி!"

என் சித்தி கல்லாப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு இப்படிச் சபதம் செய்ததைச் சிறு வயதில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். சபதம் செய்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. இடுப்பில் குழந்தையும் கையில் கூடையுமாக ஒருத்தி வந்து நிற்பாள். "சனிக்கெழம கூலி வந்துரும்க்கா..." என்று இழுப்பாள். சித்தி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே, "எடை போட்டு விடுடா" என்று கடைப் பையனிடம் சொல்லிவிடுவாள். நீளமான நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரி கூடும்.

சித்தப்பாவுக்குத் திண்டுக்கல் நாகல்நகரில் விறகுக் கடை. தகரக் கூரை, வாசலில் ஆள் உயரத் தராசு, ஒரு தட்டில் எடைக்கல், மறு தட்டில் கட்டை. வேடசந்தூர், வடமதுரைப் பக்கமிருந்து வேலங்கட்டையும் உடைமரமும் புளியங்கட்டையும் வண்டியில் வந்து இறங்கும். சிறுமலை அடிவாரத்திலிருந்து தலைச்சுமையாகக் கொண்டு வந்து போடுகிற பெண்களும் உண்டு. மரத்தூள் அடுப்புக்குத் தூள், கும்முட்டி அடுப்புக்குக் கரி, தீபாவளி சமயத்தில் வரட்டி - எல்லாம் சில்லறையாகக் கிடைக்கும். அந்தக் காலத்தில் பேட்டையில் பாதி வீடுகளில் அடுப்பு எரிந்தது அந்தக் கடையின் புண்ணியத்தில்தான்.

1973-ஆம் வருஷக் கடைசியில் ஒரு கூத்து நடந்தது. அரபு நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் சண்டை வந்து, எண்ணெய் உற்பத்தி செய்யும் நாடுகள் குழாயை இறுக்கிவிட்டன. பீப்பாய் மூன்று டாலர் சுமாருக்கு விற்ற கச்சா எண்ணெய், 1974 ஜனவரிக்குள் பன்னிரண்டு டாலரை நெருங்கிவிட்டது. எங்கேயோ அரபு தேசத்தில் நடந்த சண்டைக்கும் நாகல்நகர் விறகுக் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? சம்பந்தம் இருந்தது. மண்ணெண்ணெய்க்குக் க்யூ நீண்டது. திரி ஸ்டவ்வும் பம்ப் ஸ்டவ்வும் வாங்கி, 'அப்பாடா, புகையிலிருந்து விடுதலை!' என்று பெருமூச்சு விட்டிருந்த வாத்தியார் வீட்டு அம்மாக்களும் போஸ்ட் ஆபீஸ்காரர் வீட்டு அம்மாக்களும் மறுபடி விறகுக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். கிராக்கி கூடியதும் மொத்த வியாபாரிகள் விறகின் விலையை ஏற்றினார்கள்.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. 1975-ல் எரிக் எக்ஹோம் என்ற அமெரிக்கர், உலகமே பெட்ரோலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது, ஏழை நாடுகளில் விறகுக்கு வந்திருக்கும் நெருக்கடியை யாரும் கவனிக்கவில்லையே என்று தனியாக ஓர் அறிக்கையே எழுதினார்.

தெருவில் எல்லோரும் என்ன சொன்னார்கள் தெரியுமா? "ஒன் சித்தப்பாவுக்கு என்னத்தா, அவரு காட்டுல மழை!"

அந்த வருஷம்தான் சித்தியின் இரண்டு ஜோடி வளையலும் அடகுக் கடைக்குப் போயிற்று.

சித்தி போட்ட கணக்கு

விலை ஏறினால் விற்கிறவனுக்கு லாபம் என்றுதானே நாம் எல்லோரும் நினைக்கிறோம்? நானும் அப்படித்தான் நினைத்தேன். பல வருஷம் கழித்து, எனக்குக் கல்யாணமாகிக் குழந்தைகள் பிறந்த பிறகு, ஒரு மத்தியானம் சித்தி புளி கொட்டை எடுத்துக்கொண்டே எனக்கு இதை விளக்கினாள். மூன்றாம் வகுப்பு வரை படித்தவள்தான். ஆனால் பி.காம். படித்த என் வீட்டுக்காரருக்கே இவ்வளவு தெளிவாகச் சொல்ல வராது. (கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்!)

கையில் முதல் நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டு ஒரு ரூபாய் வீதம் நூறு கட்டு வாங்கலாம். கட்டுக்குப் பத்துக் காசு லாபம் வைத்து விற்றால் நூற்றுப் பத்து ரூபாய் வரும். பத்து ரூபாய் வீட்டுச் செலவுக்கு. நூறு ரூபாய் மறுபடியும் முதல். வண்டி ஓடும்.

இப்போது மொத்த விலை ஒன்றரை ரூபாயாக ஏறிவிட்டது. அதே நூறு ரூபாய்க்கு அறுபத்தாறு கட்டுதான் வரும். கட்டுக்கு அதே பத்துக் காசு லாபம் என்றால் மொத்தம் ஆறு ரூபாய் அறுபது காசு. கடை வாடகை குறையுமா? பையன் சம்பளம் குறையுமா? சரி, லாபத்தைப் பதினைந்து காசாக ஏற்றுவோம் என்றால், அப்போதும் பத்து ரூபாய் தேறாது. அதற்குள் வாடிக்கைக்காரி அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுவாள்.

"அதாவது பரவால்லடி," என்றாள் சித்தி. "நோட்டுல நிக்கிற பாக்கிதான் ஆளைக் கொல்லும்."

அதுவும் நியாயம்தான். நாற்பது கட்டு கடனில் நிற்கிறது என்றால், முன்பு நாற்பத்து நாலு ரூபாய் முடங்கும். விலை ஏறின பிறகு அதே நாற்பது கட்டுக்கு அறுபத்து நாலு ரூபாய் முடங்கும். விலை ஏறும் சமயத்தில்தானே ஜனங்களும் அதிகமாகக் கடன் கேட்பார்கள்? மொத்த வியாபாரியோ, விலை தாறுமாறாக ஏறும்போது, "ரொக்கம் இருந்தா லோடு, இல்லாட்டி அடுத்தவனுக்கு" என்று சொல்லிவிடுவான். மேலேயிருந்து கடன் கிடையாது. கீழே கடன் கொடுத்தாக வேண்டும். நடுவில் அகப்பட்டவர் சித்தப்பா.

இன்னொரு நுணுக்கம். மழைக் காலத்தில் விறகு ஈரமாக வரும். ஈரத்தோடு எடை போட்டுத்தான் மொத்த வியாபாரி காசு வாங்குவான். கடையில் பத்து நாள் கிடந்தால் காய்ந்து எடை இறங்கிவிடும். காய்ந்த எடைக்குத்தான் நாம் காசு வாங்க முடியும். ஈரத்துக்குக் கொடுத்த காசு ஆவியாகப் போயிற்று! மலிவாக இருக்கும்போது இந்த நஷ்டம் கண்ணுக்குத் தெரியாது. விலை ஏறியபோது அதுவே பெரிய ஓட்டையாகிவிட்டது.

பழனி ரோட்டில் பெரிய கிடங்கு வைத்திருந்தவருக்கு இந்தக் கஷ்டம் எதுவும் இல்லை. அவர் சித்திரையில் காய்ந்த கட்டையாக வாங்கி அடுக்கி வைத்திருந்தார். ஐப்பசி மழையில் ஏறின விலைக்கு விற்றார். மழை பெய்தது அவர் காட்டில்தான். சித்தப்பாவுக்கு அன்றன்றைக்கு வாங்கி அன்றன்றைக்கு விற்கிற பிழைப்பு.

"அப்ப விலையை ஒரேயடியா ஏத்திட வேண்டியதுதானே சித்தி?" என்று கேட்டேன்.

"ஏத்திப்புட்டு? காலையில வாசத் தெளிக்கிறப்ப அவளுக மொகத்துல நான் எப்படிடி முழிக்கிறது?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மணி அடித்த வண்டி

விறகுக் கடையைப் போலவே தெருவுக்குத் தெரு மண்ணெண்ணெய் வண்டியும் ஒன்று இருந்தது. தகர டாங்க், பித்தளைக் குழாய், அளப்பதற்கு லிட்டர் குவளை, கூடவே ஒரு மணி. அந்த மணிச் சத்தம் கேட்டதும் தகர டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடியது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும்.

ரேஷன் மண்ணெண்ணெய்க்கு விலையைச் சர்க்கார் நிர்ணயித்தது. விற்பவருக்கு லிட்டருக்கு இத்தனை காசு கமிஷன் என்பதும் நிர்ணயம். அதனால் விலை ஏறினாலும் இறங்கினாலும் அவருக்கு ஒன்றுதான் என்று தோன்றும். அப்படி இல்லை. அளவு குறைந்தால் கமிஷனும் குறையும். கிராமத்துக்கெல்லாம் கரண்டும் காஸும் வர வர ஒதுக்கீடு சுருங்கிக்கொண்டே வந்தது. 2016 ஜூலையிலிருந்து மத்திய அரசு, லிட்டருக்கு இருபத்தைந்து பைசா வீதம் விட்டு விட்டு ஏற்றி, 2020-க்குள் மானியமே இல்லாமல் செய்துவிட்டது. உலகச் சந்தை விலை நேராக ரேஷன் கடைக்கே வந்துவிட்டது என்று சொல்லலாம். மண்ணெண்ணெய் ஸ்டவ் வெடித்துப் பெண்கள் கருகிய செய்திகளைப் பத்திரிகையில் தினம் படித்த தலைமுறை நாம்; அந்த ஸ்டவ் போனதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் அந்த வண்டிக்காரர் வேறு என்ன தொழிலுக்குப் போனார் என்று நம்மில் யாரும் விசாரித்ததில்லை.

என் சங்கிலியை விழுங்கிய காஸ் அடுப்பு

இப்போது என் சொந்தக் கதைக்கு வருகிறேன். சொல்வதற்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

காஸ் இணைப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டு வருஷக் கணக்கில் காத்திருந்த காலம் ஒன்று உண்டு. இளைய தலைமுறைக்குச் சொன்னால் சிரிப்பார்கள். எம்.பி.க்களுக்கு இத்தனை இணைப்பு என்று கோட்டா இருந்தது. அந்தக் கூப்பனுக்காக ஆள் பிடித்து அலைந்தவர்கள் ஏராளம். நாங்களும் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம்.

1993-ல் மத்திய அரசு ஒரு புதுக் கதவைத் திறந்தது. தனியார் கம்பெனிகளும் வெளிநாட்டிலிருந்து சமையல் காஸை இறக்குமதி செய்து, தாங்களே விலை வைத்து வீடுகளுக்கு விற்கலாம் என்று உத்தரவு போட்டது. ஊருக்கு ஊர் போர்டு முளைத்தது. 'காத்திருக்க வேண்டாம்! இன்றே இணைப்பு!' இந்த இரண்டு வரி போதாதா நமக்கு?

1996-ல், திண்டுக்கல்லில், நானும் போய் நின்றேன். டெபாசிட் தொகை சர்க்கார் கம்பெனியைவிடப் பல மடங்கு ஜாஸ்தி. என்னுடைய ஒற்றை வடச் சங்கிலியை விற்றுக் கட்டினோம். சாயங்காலமே சிலிண்டர் வந்துவிட்டது. நீல ஜ்வாலையைப் பார்த்து நான் அழுதேவிட்டேன் என்றால் நம்புவீர்களா? புகையில் இருபது வருஷம் கண்ணைக் கசக்கினவளுக்குத்தான் அந்த அழுகையின் அர்த்தம் புரியும்.

மூன்று வருஷம் நன்றாகத்தான் ஓடியது. 1999 தொடக்கத்தில் பீப்பாய் பத்துப் பன்னிரண்டு டாலருக்குக் கிடந்த கச்சா எண்ணெய், 2000 செப்டம்பரில் முப்பது டாலரைத் தாண்டியது. காஸ் விலையும் கூடவே ஏறியது. சர்க்கார் கம்பெனி சிலிண்டருக்கு மானியம் உண்டு. அதனால் உலக விலை ஏறினாலும் நம் ஊரில் அந்த அளவுக்கு ஏறாது. தனியாருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. வெளிநாட்டில் என்ன விலையோ அதற்கு வாங்கி, கப்பல் கூலி கொடுத்து, அதற்குமேல் விற்க வேண்டும். ஏற்றினால் யாரும் வாங்க மாட்டார்கள், ஏற்றாவிட்டால் கைநஷ்டம். போதாக்குறைக்கு அதே சமயம் சர்க்கார் கம்பெனிகளும் இணைப்புகளைத் தாராளமாகக் கொடுக்க ஆரம்பித்துவிட்டன. காத்திருப்பு இல்லை என்பது ஒன்றுதானே தனியாரின் கவர்ச்சி? அதுவும் போயிற்று.

முதலில் சிலிண்டர் இரண்டு நாள் தாமதமாக வந்தது. பிறகு ஒரு வாரம். பிறகு, "லோடு வரலைங்க்கா" என்றார்கள். ஒரு நாள் போய்ப் பார்த்தால் கடையில் பூட்டு தொங்குகிறது. நம் ஊர்ப் பூட்டுதான், ஆட்டினாலும் அசையாத திண்டுக்கல் பூட்டு! காலிச் சிலிண்டர் எங்கள் வீட்டுத் திண்ணை மூலையில் வருஷக் கணக்காக நின்றது. அதன் ரெகுலேட்டர் வேறு எந்தச் சிலிண்டருக்கும் பொருந்தாது. டெபாசிட்டும் வரவில்லை, சங்கிலியும் வரவில்லை.

அந்த ஏஜெண்டை நான் வாய் ஓயாமல் திட்டியிருக்கிறேன். 'ஊர்ப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டான்' என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். ஐந்தாறு வருஷம் கழித்து அபிராமி அம்மன் கோயிலில் அவருடைய மனைவியைப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போகப் பார்த்த என்னை அந்த அம்மாளே கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீங்க என்னைத் திட்டுறது எனக்குத் தெரியும்க்கா. நாங்களும் கம்பெனிக்கு டெபாசிட் கட்டித்தான் ஏஜென்சி எடுத்தோம். எங்க மாமனார் வீட்டை வச்சுக் கட்டினோம். அந்த வீடு இப்ப எங்களுக்கு இல்லக்கா."

நான் என்ன சொல்வேன்? விலை உச்சியில் ஏறியபோது விழுந்தவர்கள் வரிசையில் அவர் எனக்கு ஒரு படி மேலே நின்றிருக்கிறார், அவ்வளவுதான். அப்படிப்பட்ட கம்பெனிகள் தகுதி மதிப்பீட்டுச் சான்று பெற வேண்டும் என்று அந்த 1993 உத்தரவிலேயே விதி இருந்ததாம். நான் அதைக் கேட்டுப் பார்த்தேனா? 'இன்றே இணைப்பு' என்பதை மட்டும் படித்தேன்.

லண்டனிலும் இதே கதை!

இதெல்லாம் நம் ஊர் ஏழைபாழைகள் சமாசாரம், சீமையில் இப்படி நடக்குமா என்று நினைத்திருந்தேன். 2021-ல் என் தங்கை மகள் லண்டன் ஈஸ்ட்ஹாமிலிருந்து போன் செய்தாள்.

"பெரியம்மா, எங்க வீட்டுக்குக் கரண்டும் காஸும் தர்ற கம்பெனி ராத்திரியோட ராத்திரியா மூடிட்டாங்க!"

"அடிப் பாவி! அப்ப குளிருக்கு என்னடி பண்ணுவீங்க?"

"இல்ல பெரியம்மா, காஸ் வந்துக்கிட்டுத்தான் இருக்கு. கம்பெனிதான் இல்ல!"

எனக்குப் புரியவே நேரமாயிற்று. அங்கே கம்பியும் குழாயும் ஒருவருடையது. அதன் வழியாகக் கரண்டையும் காஸையும் மொத்தமாக வாங்கி நமக்கு விற்றுப் பில் போடுகிறவர் வேறொருவர். இந்தப் பில் போடுகிற கம்பெனிகள் ஏராளம். மொத்த விலை மலிவாக இருந்த வருஷங்களில், நாலைந்து பேர் சேர்ந்து ஓர் ஆபீஸ் போட்டு, பெரிய கம்பெனியைவிடக் குறைந்த விலைக்குத் தருகிறோம் என்று ஆரம்பித்தவை அதில் பல. ஒரு வருஷத்துக்கு இதே விலை என்று வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுத்துவிடுவார்கள்.

கெட்டிக்கார வியாபாரியாக இருந்தால், ஒரு வருஷத்துக்கு விலை சொல்லும்போதே, ஒரு வருஷத்துக்கு வேண்டிய சரக்கையும் முன்கூட்டியே விலை பேசி வைத்துக்கொள்ள வேண்டும். நம் நத்தம் பக்கத்தில் மாந்தோப்பைப் பூவிலேயே குத்தகை பேசுகிறார்களே, அதே மாதிரி. காய் விலை பிறகு ஏறினாலும் இறங்கினாலும் பேசின பேச்சு பேசினதுதான். ஆனால் பூவிலேயே பேச முன்பணம் வேண்டாமா? சிறிய கம்பெனியிடம் அது ஏது? அன்றைய சந்தையில் அன்றைக்கு வாங்கினார்கள். என் சித்தப்பா மாதிரிதான். தகரக் கூரைக்குப் பதில் கண்ணாடி ஆபீஸ்.

2021-ல் ஐரோப்பாவில் காஸ் கையிருப்பு குறைந்து, ரஷ்யாவிலிருந்து வரத்தும் குறைந்து, மொத்த விலை எகிறியது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் யுத்தம் வேறு. பிரிட்டனில் ஆஃப்ஜெம் என்ற கட்டுப்பாட்டு அமைப்பு 2019 ஜனவரி முதல் வீட்டு பில்லுக்கு உச்ச வரம்பு வைத்திருந்தது. அதனால் வாங்கும் விலைக்குக் கூடக் கம்பெனிகளால் விற்க முடியவில்லை. சாதாரண வீட்டுக்கு ஆண்டுக்கு 1,277 பவுண்டாக இருந்த வரம்பு 1,971 பவுண்டாக உயர்ந்தது 2022 ஏப்ரலில்தான். அதற்குள் எத்தனையோ கம்பெனிகளுக்கு மூச்சு நின்றுவிட்டது. 2021 ஜூலைக்குப் பிறகு ஒரு வருஷத்துக்குள் இருபத்தெட்டுக் கம்பெனிகள் மூடின. பல்ப் என்ற கம்பெனி, பதினாறு லட்சம் வீடுகளுக்கு விற்றுக்கொண்டிருந்தது. அதைச் சர்க்காரே பணம் போட்டு நடத்தி, 2022 டிசம்பரில் ஆக்டோபஸ் என்ற கம்பெனிக்குக் கைமாற்றியது.

தங்கை மகளின் கணக்கில் அவள் முன்கூட்டியே கட்டிய பணம் கொஞ்சம் இருந்தது. (மாதா மாதம் முன்பணமாக வாங்கி வைத்துக்கொண்டு, அதையே முதலாகப் போட்டு ஓட்டியிருக்கிறார்கள் சில கம்பெனிகள். சீட்டுப் பிடிக்கிறவர் சீட்டுப் பணத்தில் மளிகைக் கடை வைத்த கதை!) அந்தப் பணம் என்னவாயிற்று? ஆஃப்ஜெம் அவளை வேறொரு கம்பெனிக்கு மாற்றிவிட்டது. பாக்கியும் பைசா குறையாமல் அங்கே வந்து சேர்ந்துவிட்டது. என் சங்கிலியை நினைத்துக்கொண்டேன்.

ஆனால் சும்மா வருமா? மூடிய இருபத்தெட்டுக் கம்பெனிகளால் வந்த செலவு சுமார் 270 கோடி பவுண்டு, வீட்டுக்கு 94 பவுண்டு வீதம் எல்லோர் பில்லிலும் ஏறும் என்று அந்த நாட்டுத் தணிக்கை அலுவலகம் 2022-ல் கணக்குச் சொன்னது. பெரிய கம்பெனியிலேயே இருந்துவிட்ட பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் அந்தச் செலவில் பங்கு!

பெரியவர்கள் எப்படித் தாக்குப் பிடிக்கிறார்கள்?

நம் நாட்டில் உபயோகமாகும் சமையல் காஸில் பாதிக்கு மேல் இறக்குமதிதான். சவூதி அராம்கோ நிறுவனம் மாதா மாதம் அறிவிக்கும் விலைதான் அதற்கு அடிப்படை. 2020 ஏப்ரலில் புரொப்பேன் டன் 230 டாலர். 2022 ஏப்ரலில் 940 டாலர். இரண்டே வருஷத்தில் நாலு மடங்கு! ஆனால் சென்னையில் வீட்டுச் சிலிண்டர் 2020 நவம்பரில் 610 ரூபாய். 2022 ஜூலையில் 1,068 ரூபாய் 50 காசு. நமக்கு அதுவே தலை சுற்றியது. ஆனாலும் நாலு மடங்கு ஆகவில்லை. நடுவில் உள்ள பாரத்தை இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் என்ற மூன்று பொதுத்துறைக் கம்பெனிகள் சுமந்தன. அந்த நஷ்டத்துக்காக 2022 அக்டோபரில் மத்திய அரசு அவற்றுக்கு 22,000 கோடி ரூபாய் கொடுத்தது. அதற்குப் பிறகு வந்த நஷ்டத்துக்காக 2025 ஆகஸ்டில் இன்னொரு 30,000 கோடிக்கு ஒப்புதல் தந்தது. சித்தப்பாவுக்கு யார் கொடுத்தார்கள்?

இந்த மூன்று கம்பெனிக்கும் கீழே, நம் வீட்டு வாசலில் சிலிண்டரை இறக்குகிறவர் இருக்கிறாரே, ஊர் விநியோகஸ்தர், அவர் நிலை வேறு. அவருக்குக் கமிஷன் சிலிண்டருக்கு இத்தனை ரூபாய் என்று நிர்ணயம். விலையில் இத்தனை சதவீதம் என்று இல்லை. ஒரு லாரியில் முன்னூறு சிலிண்டர் என்று வைத்துக்கொண்டால், 610 ரூபாய் விலையில் ஒரு லோடு 1,83,000 ரூபாய். 1,068 ரூபாய் 50 காசு ஆனதும் அதே லோடு 3,20,550 ரூபாய். கமிஷனைக் கழித்துக்கொண்டாலும், முன்பணம் முக்கால் பங்கு ஏறிப்போயிற்று! பாங்கியில் கடன் வாங்கிப் போட்டால் வட்டி யார் தலையில்? டெலிவரிப் பையன் பில்லுக்கு மேல் காசு கேட்கிறான் என்று நாம் சண்டை பிடிக்கிறோம். சண்டை பிடிக்க வேண்டியதுதான். பில்லில் உள்ளதற்கு மேல் கொடுக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. ஆனால் அந்த வழக்கத்தின் வேர் எங்கே இருக்கிறது என்பது இந்தக் கணக்கில் கொஞ்சம் தெரிகிறது.

இன்னும் கீழே போனால் மளிகைக் கடையில் ஐந்து கிலோ சின்னச் சிலிண்டர் வைத்து விற்கிற பெண்கள். மில் வேலைக்கு வந்து ஒற்றை அறையில் தங்கியிருக்கும் பெண் பிள்ளைகளுக்கு இதுதான் வசதி. சந்தை விலைக்கு வாங்கிச் சந்தை விலைக்கு விற்பது. விலை ஏறினால் இவர்களும் சித்தியின் நோட்டுக்கே வந்து சேருகிறார்கள்.

விலை ஏறும்போது அடுப்படியில் ஜாக்கிரதை!

விற்கிறவர் தடுமாறும் சமயத்தில் வீட்டில் சில ஆபத்துகள் தலைகாட்டும். வீட்டுச் சிலிண்டரிலிருந்து சின்னச் சிலிண்டருக்குக் குழாய் வைத்து மாற்றித் தரும் கடைகள் முளைக்கும். சல்லிசாகக் கிடைக்கிறது என்று அங்கே போகவே போகாதீர்கள். வீடே பறந்துவிடும்.

சிலிண்டரை வாங்கும்போது எடை போடச் சொல்லுங்கள். வெறும் சிலிண்டரின் எடை அதன் மேலேயே எழுதியிருக்கும், அதோடு 14.2 கிலோ கூட இருக்க வேண்டும். கழுத்துப் பட்டையில் ஆங்கில எழுத்தும் வருஷமும் இருப்பதையும் பாருங்கள். ஏ என்றால் மார்ச், பி என்றால் ஜூன், சி என்றால் செப்டம்பர், டி என்றால் டிசம்பர். அந்த வருஷத்தில் அந்த மாதம் முடிவதற்குள் சிலிண்டரைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று பொருள். தேதி கடந்ததை வாங்காதீர்கள். வாசனை வந்தால் ஸ்விட்சைத் தொடாமல் ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள். டெபாசிட் ரசீதை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று இன்றைக்கே ஒரு தடவை தேடிப் பார்த்துவிடுங்கள்.

சிக்கனத்துக்காகக் கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைக்காதீர்கள். கரிப் புகையில் வாசனையே இல்லாத நச்சு வாயு உண்டு. தூக்கத்திலேயே ஆளைச் சாய்த்துவிடும். விறகுதான் கதி என்றால் வெளித் திண்ணையில், காற்றோட்டமாக எரியுங்கள். கைக்குழந்தையை அடுப்புக்குப் பக்கத்தில் தொட்டில் கட்டிப் போடுகிற வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம்.

நாகல்நகரில் சித்தப்பா கடை இருந்த இடத்துக்கு இரண்டு வீடு தள்ளி இப்போது ஓர் இட்லிக் கடை. நடத்துகிறவள் என்னைவிடப் பத்து வயது சிறியவள். 19 கிலோ வியாபாரச் சிலிண்டர்தான் அவளுக்கு. வீட்டுச் சிலிண்டர் போல் இதற்குத் தாங்கிப் பிடிக்க ஆள் கிடையாது; உலக விலையோடு ஏறி இறங்கும். 2021 நவம்பரில் அது இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டியது.

"அப்ப என்ன பண்ணினே?" என்று கேட்டேன்.

"என்னத்தப் பண்றதுக்கா? இட்லிய ஒரு ரூவா ஏத்துனேன். மறுநா காலையில பாதிப் பேர் வரல. கட்டட வேலைக்குப் போற ஆளுக, எண்ணி எண்ணித் திங்கிறாங்க. மறுபடி பழைய விலைக்கே வந்துட்டேன். சாம்பாருக்கு மட்டும் கொல்லையில வெறகடுப்பு மூட்டிக்கிட்டேன். ஆறு மாசம்."

"இருமல் வரலியா?"

"வந்துச்சு."

பேசிக்கொண்டே தட்டைத் திறந்தாள். ஆவி குபீரென்று மேலே போயிற்று. எனக்கு நாலு இட்லி வைத்துவிட்டுக் காலண்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, ஒண்ணாந் தேதி நாளைக்கா, நாளான்னிக்கா? வெல மாறுற நாளு... இன்னொரு சிலிண்டர் இன்னிக்கே எடுத்து வச்சிரலாமான்னு பாக்குறேன். பணந்தான் இல்ல."